வீட்டில் செய்த பீர் பாட்டிலைத் திறந்தால் பொங்கி வழிகிறது, வெண்ணெய் வாசனை வேறு, தொடக்க கிராவிட்டியும் குறைவு: எங்கே தப்பு?

செப்புச்சுருள்:

வணக்கம். 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற பீர்), முழு தானிய முறை, எல்லாம் கையால் செய்த கருவிகள். ஒரே தொகுதியில் மூன்று கோளாறு. எது எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியவில்லை. எண்கள் எல்லாவற்றையும் தருகிறேன்.

பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4.2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். மாஷ் டன், அதாவது அரைத்த மால்ட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கும் (மாஷ்) பாத்திரம், 45 லிட்டர் ஐஸ் பெட்டி. அடியில் தண்ணீர் இணைப்புக் குழாயிலிருந்து உருவிய எவர்சில்வர் பின்னல் உறை, வெளியே பித்தளைப் பந்து வால்வு. மால்ட் அரைக்கும் மில்லின் உருளை இடைவெளியை மாற்றவில்லை, வந்தபடியே இருக்கிறது.

72 டிகிரி தண்ணீர் 13.5 லிட்டர் ஊற்றியதும் மாஷ் 66 டிகிரியில் நின்றது. 60 நிமிடம். பிறகு வடித்துவிட்டு 17 லிட்டர் ஒரே தடவையாக ஊற்றி ஸ்பார்ஜ் (தானியத்தில் மிஞ்சிய சர்க்கரையைக் கழுவி எடுப்பது). கொதிக்கும் முன் 25 லிட்டர், கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை கூடினால் கூடும்) 1.033. ஒரு மணி நேரக் கொதிப்புக்குப் பின் 21.5 லிட்டர், 1.038. எதிர்பார்த்தது 20 லிட்டர், 1.050. இரண்டு அளவும் சுமார் 31 டிகிரி சூட்டில் ஹைட்ரோமீட்டரில் எடுத்தவை.

10 மீட்டர் செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் விட்டுக் குளிர்வித்தேன். 45 நிமிடத்தில் 31 டிகிரிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சூட்டிலேயே 11.5 கிராம் உலர் ஏல் ஈஸ்ட்டை மேலே தூவினேன். ஃபெர்மென்டர் (நொதிக்கும் பாத்திரம்) பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) உண்டு. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காலையும் இரவும் ஐஸ் பாட்டில் போட்டேன். வாளியின் சூடு 17-க்கும் 27-க்கும் நடுவில் ஏறி இறங்கியது. மூன்றாம் நாளோடு ஏர்லாக்கில் குமிழி நின்றது. 8-ஆம் நாள் 1.018, 10-ஆம் நாளும் 1.018. மாறவில்லை என்பதால் 150 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தேன். கிடைத்தது 20 லிட்டர்.

மூன்று வாரம் 28 டிகிரியில் இருந்தது. இப்போது எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் பாதி பீர் வெளியே போகிறது. வாசனை உருக்கிய வெண்ணெய் மாதிரி.

நிதானம்:

முதலில் பாட்டில்களைக் கவனியுங்கள். கிராவிட்டி ஏன் குறைந்தது என்பது நாளைக்குக்கூடக் காத்திருக்கும்.

கணக்கு இது. ஹைட்ரோமீட்டரில் 0.001-ஐ ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அடைத்த பாத்திரத்துக்குள் ஒரு புள்ளி இறங்கினால் ஏறத்தாழ அரை வால்யூம் (பீரின் கன அளவில் பாதி) கார்பன் டை ஆக்சைடு சேரும். 1.038-இல் தொடங்கிய பீர் சாதாரணமாக 1.010 வரை இறங்கும். நீங்கள் 1.018-இல் அடைத்தீர்கள். மிச்சம் 8 புள்ளி, அதாவது 4 வால்யூம். லிட்டருக்கு 7.5 கிராம் சர்க்கரை போட்டதில் இன்னொரு 1.9. வாளியில் ஏற்கெனவே கரைந்திருந்தது 0.7. கூட்டினால் 6.5-ஐத் தாண்டுகிறது. சாதாரண பீர் பாட்டிலில் 3 வால்யூமுக்கு மேல் போவதே சரியில்லை. 28 டிகிரியில் 6.5 வால்யூம் என்றால் உள்ளே 8 பாருக்கு மேல் அழுத்தம். அது பாட்டில் இல்லை, வெடி.

பாட்டில்கள் இருக்கும் இடத்துக்குப் போவதற்கு முன் முகம் முழுக்க மறைக்கும் கவசம், தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை. பெட்டியின் மேல் கனமான துணியை நான்கு மடிப்பாகப் போர்த்தி, குலுக்காமல் அப்படியே குளிர்பெட்டிக்குள் வையுங்கள். 2 முதல் 4 டிகிரியில் முழுதாக ஒரு நாள். குளிர்ந்தால் வாயு பீரில் கரைந்து அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கும், ஈஸ்ட்டும் அடங்கிவிடும். இடம் இல்லையென்றால் ஐஸ் நிரப்பிய மூடிய பெட்டியில் வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தொடாமல் கதவைச் சாத்திவிட்டு, குளிர்விக்க ஏற்பாடு ஆன பிறகு போங்கள்.

குளிர்ந்த பின் ஒரு பாட்டிலை மட்டும் திறந்து, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு இருபது முப்பது தடவை ஆற்றி வாயுவை வெளியேற்றி, 20 டிகிரிக்கு வரவிட்டு கிராவிட்டி பாருங்கள். அந்த ஒரு எண் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

வெண்மேகம்:

வெண்ணெய் வாசனையும் பொங்குதலும் சேர்ந்து வந்தால் அது பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று. பாட்டில் அத்தனையும் கொட்டிவிட்டு வாளியையும் தூக்கிப்போடுவது நல்லது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் எந்தக் கிருமிநாசினியும் உள்ளே போகாது.

நிதானம்:

வெண்மேகம், தொற்றாக இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாளியைத் தூக்கிப்போடும் முன் சோதிக்க வழி இருக்கிறது. பீடியோகாக்கஸ் வெண்ணெய் வாசனை தரும் டையசெட்டைலோடு லாக்டிக் அமிலத்தையும் தரும். ஆகவே புளிப்பு இருக்க வேண்டும். பல நேரம் கலங்கலும், ஊற்றும்போது எண்ணெய் மாதிரி இழையும் பிசுபிசுப்பும் இருக்கும். காட்டு ஈஸ்ட் என்றால் பீர் நீர்த்துப்போய் கிராவிட்டி 1.005-க்குக் கீழே ஓடியிருக்கும். கிராம்பு, புகை, மருந்து மாதிரி நெடி வரும். பாட்டிலின் கழுத்தில் பீரின் மட்டத்தில் வளையமாகப் படிவு இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது.

மாறாக, புளிப்பே இல்லாமல், கிராவிட்டி 1.009 முதல் 1.012-க்குள் நின்றிருந்தால் தொற்றுக்கு வேலையில்லை. பாதியில் படுத்த ஈஸ்ட் பாட்டிலுக்குள் எழுந்து மிச்ச வேலையை முடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு தடயம்: சில பாட்டில் பொங்கி, சில பாட்டில் சப்பென்று இருந்தால் ப்ரைமிங் சர்க்கரை (வாயு உண்டாக, அடைக்கும்போது சேர்ப்பது) சரியாகக் கலக்கவில்லை. ஒன்றிரண்டு மட்டும் பொங்கினால் அந்தப் பாட்டில்கள் சரியாகக் கழுவப்படவில்லை. எல்லாமே ஒரே மாதிரி பொங்கினால் காரணம் வாளியில் இருக்கிறது. இங்கே எல்லாமே பொங்குகின்றன.

அரைவைக்கல்:

தொடக்க கிராவிட்டி பத்தி நான் சொல்றேன். 12 புள்ளி காணோம்னு நினைக்கிறீங்க. உண்மையில காணாமப்போனது அதுல பாதிதான்.

பெரும்பாலான ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிட்டது; சிலது 15.5-க்கு. உள்ளே இருக்கிற காகிதத்துல போட்டிருக்கும், பாருங்க. 20-ன்னா 30 டிகிரியில 2.5 புள்ளி, 40-இல 6 புள்ளி, 60-இல 15 புள்ளி கூட்டணும். 60-க்கு மேல போனா திருத்தமே நம்பகமில்லை, கண்ணாடியும் விரிசல் விடும். உங்க 31 டிகிரிக்கு 3 புள்ளி. ஆக தொடக்கம் 1.038 இல்லை, 1.041.

அடுத்தது அளவு. 20 லிட்டர் வரவேண்டிய இடத்துல 21.5 வெச்சிருக்கீங்க. புள்ளியை லிட்டரால பெருக்குங்க: 41 × 21.5 = 881. அதை 20 லிட்டருக்குச் சுண்டவிட்டிருந்தா 1.044. இன்னும் கிட்டத்தட்ட அரை மணி கொதிச்சிருக்கணும், அவ்வளவுதான். தண்ணி கொதிக்கும்போது 4 சதவீதம் விரிஞ்சிருக்கும், அதனால கொதிச்சுட்டு இருக்கும்போது குச்சியில அளந்தா ஆறினப்புறம் வர்றதைவிட அதிகமா காட்டும். குச்சியில கோடு போடும்போதே இதைக் கழிச்சுக்கங்க.

மிச்சம் 6 புள்ளிதான் மாஷ்ல போனது. பேல் மால்ட் கிலோவுக்குச் சுமார் 300 புள்ளி-லிட்டர் தரும். 4.5 கிலோவுக்கு 1350. உங்களுக்கு வந்தது 881, அதாவது 65 சதவீதம். ஐஸ் பெட்டி, பின்னல் உறை வெச்சு 75 வரைக்கும் நிதானமா வரலாம்.

போனது எங்கேன்னு தெரிய ஒரே ஒரு அளவு வேணும், அதை யாரும் எடுக்கிறதில்லை: ஸ்பார்ஜுக்கு முன்னாடி, முதல்ல வடியற வோர்ட்டோட (ஈஸ்ட் போடாத இனிப்புச் சாறு) கிராவிட்டி. கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணின்னா, மாவுச்சத்து முழுசா சர்க்கரையா மாறியிருந்தா அது 1.080-க்கு மேல இருக்கும். கிலோவுக்கு 4 லிட்டர்னா 1.065-ஐ ஒட்டி. இந்த எண் சரியா இருந்து மொத்தம் குறைஞ்சா, சர்க்கரை உருவாகியிருக்கு, நீங்க கழுவி எடுக்கலை. இந்த எண்ணே 1.070-ன்னு நின்னா, மாஷே முடியலை. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

மாஷ் முடியாததுக்கு முதல் காரணம் அரைவை. மில் வரும்போது இடைவெளி அகலமாத்தான் இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) விட்டுப் பாருங்க, 1.0 முதல் 1.2 மி.மீ. இருக்கணும். உமி ரெண்டா மூணா பிளந்து முழுசா கிடக்கணும், உள்ளே இருக்கிற வெள்ளைப் பருக்கை நாலஞ்சு துண்டா உடைஞ்சிருக்கணும். ஒரு கைப்பிடி எடுத்து எண்ணிப் பாருங்க, உடையாத முழு மணி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ரெண்டாவது பிஎச். கெட்டில்ல வெள்ளையா உப்புப் படியற தண்ணியா இருந்தா வெளிர் மால்ட் மாஷ் 5.8-ல போய் நிக்கும். ஆறின மாதிரியில 5.2 முதல் 5.5 வரணும். 88 சதவீத லாக்டிக் அமிலத்தை 1 மி.லி. விட்டு, நல்லா கிளறி, 5 நிமிஷம் பொறுத்து அளங்க. ஒரேயடியா ஊத்தாதீங்க. மூணாவது, கட்டி. தானியத்தைக் கொட்டினதும் மூணு நிமிஷம் அடி வரைக்கும் துழாவுங்க. உலர்ந்த உருண்டை உள்ளே ஒளிஞ்சிருக்கும்.

கழுவறதுல உங்க தப்பு எனக்குக் கண்ணுக்குத் தெரியுது. 4.5 கிலோ தானியம் 4.5 லிட்டர் குடிக்கும். வால்வுக்குக் கீழே 1 லிட்டர் தேங்கும். முதல் வடிப்பு 8 லிட்டர், ரெண்டாவது 17. ஒரே ஸ்பார்ஜ் பண்றவங்களுக்கு ரெண்டு வடிப்பும் சமமா இருந்தாத்தான் அதிக சர்க்கரை வரும். 18 லிட்டர்ல மாஷ் பண்ணுங்க, 12.5 வடியும். அப்புறம் 12.5 லிட்டர் ஊத்தி, நல்லாக் கிளறி, 10 நிமிஷம் விட்டு வடிங்க. ஸ்பார்ஜ் தண்ணி தானியத்துல கலந்தப்புறம் 76 டிகிரியைத் தாண்டக் கூடாது, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

18 லிட்டர்னா ஊத்தற தண்ணியோட சூடும் மாறும். கணக்கு: 0.41-ஐ கிலோவுக்கு எத்தனை லிட்டரோ அதால வகுத்து, வேண்டிய சூட்டுக்கும் தானியத்தோட சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்கி, வேண்டிய சூட்டோட கூட்டுங்க. தானியம் 28, வேண்டியது 66, கிலோவுக்கு 4 லிட்டர்: 0.41 ÷ 4 × 38 = 3.9. ஆக 70 டிகிரி. பெட்டியோட சுவர் ஒண்ணு ரெண்டு டிகிரி தின்னும். தண்ணியை 75-ல பெட்டியில ஊத்தி மூடி வெச்சு, 70-க்கு இறங்கினதும் தானியத்தைப் போட்டா சுவரைப் பத்திக் கவலையே வேண்டாம்.

செப்புச்சுருள்:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி குளிர்வித்து ஒன்றைத் திறந்தேன். வாயு நீக்கி 20 டிகிரியில் 1.011. புளிப்பு துளியும் இல்லை, தெளிவாக இருக்கிறது, கழுத்தில் வளையம் இல்லை. வெண்ணெய் வாசனை மட்டும் அப்படியே.

மில் இடைவெளி 1.5 மி.மீ. இருந்தது! ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கானது.

தெர்மோமீட்டரையும் சோதித்தேன். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்ததில் சரியாக 0. கொதிக்கும் தண்ணீரில் 100 வராமல் 97 காட்டுகிறது. இதனால் ஏதாவது மாறுமா?

நிதானம்:

மாறும். கடல் மட்டத்திலிருந்து உயரம் ஏறினால் 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி கொதிநிலை குறையும். அதை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். இடம் தாழ்வானது என்றால் உங்கள் கருவி 66 காட்டியபோது மாஷ் உண்மையில் 68-இல் இருந்திருக்கிறது. 60 முதல் 65 வரை நன்றாக வேலை செய்யும் பீட்டா அமைலேஸ் (மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி) 68-இல் சீக்கிரம் செத்துவிடும். ஈஸ்ட் உண்ண முடியாத நீளச் சர்க்கரைகள் கூடும். 1.011 என்பது அதற்குப் பொருந்துகிறது. 66-இல் வைத்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு புள்ளி இறங்கியிருக்கும். கெடுதல் இல்லை, கொஞ்சம் கனமான பீர், அவ்வளவே. ஆனால் 1.018-இல் நின்றதற்கு இது காரணம் அல்ல. பாட்டிலுக்குள்ளேயே 1.011 வரை இறங்கியிருக்கிறதே, அதுதான் சாட்சி.

இந்தச் சந்தேகத்தை அடுத்த முறை பாட்டிலில் அடைக்கும் முன்பே தீர்த்துக்கொள்ளலாம். ஈஸ்ட் போடும் நாளில் 300 மி.லி. வோர்ட்டைச் சுத்தமான குடுவையில் தனியே எடுத்து, அதில் அரை தேக்கரண்டி உலர் ஈஸ்ட் போடுங்கள். அளவுக்கு மிக அதிகம்தான், வேண்டுமென்றேதான். வாயைத் தளர்வாக மூடி 26 டிகிரியில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு சுழற்று சுழற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் அது இறங்கும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த வோர்ட் எவ்வளவு இறங்கும் என்பதன் எல்லை அது. வாளி அந்த எண்ணை ஒன்றிரண்டு புள்ளிக்குள் தொடவில்லை என்றால், நாலு நாள் மாறாமல் நின்றாலும் பாட்டிலில் அடைக்கக் கூடாது. "இரண்டு நாள் ஒரே எண், ஆகவே முடிந்தது" என்ற பழக்கம்தான் உங்களை மாட்டிவைத்தது. நின்றுபோன பீரும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

குளிர்பெட்டி:

நிதானம் சொன்னதோடு சேர்த்து: பொங்கி வழிவது, வெண்ணெய் வாசனை, 1.018-இல் நின்றது மூன்றும் ஒரே முடிச்சு. அந்த முடிச்சு 17-க்கும் 27-க்கும் நடுவில் ஆடிய சூடு.

31 டிகிரியில் விழுந்த ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்தது. மூன்று நாளில் குமிழி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். வேகமாக வளரும் ஈஸ்ட் அசிட்டோலாக்டேட் என்ற பொருளை அதிகமாக வெளியே விடும். அது பீரில் தானாகவே மெல்ல டையசெட்டைலாக மாறும், அதுதான் வெண்ணெய் வாசனை. ஈஸ்ட் விழித்திருந்தால் கடைசிக் கட்டத்தில் டையசெட்டைலை உறிஞ்சி வாசனையற்றதாக்கிவிடும். ஆனால் உங்கள் வாளி 27-இலிருந்து ஒரே இரவில் 17-க்கு விழுந்தது. வேகம் குறையும் கட்டத்தில் 10 டிகிரி வீழ்ச்சி என்றால் ஏல் ஈஸ்ட் திரண்டு அடியில் படுத்துவிடும். சர்க்கரையும் மிச்சம், டையசெட்டைலும் மிச்சம். பிறகு 28 டிகிரியில், புதுச் சர்க்கரையோடு, பாட்டிலுக்குள் எழுந்தது.

குளிர்விப்பதிலிருந்து தொடங்கலாம். குழாய்த் தண்ணீர் 28 என்றால் சுருளை எவ்வளவு நீளமாக்கினாலும் வோர்ட் 30-க்குக் கீழே வராது. 40 டிகிரி வரை குழாய்த் தண்ணீர் போதும். அதற்குப் பின் வேறொரு வாளியில் ஐஸ் தண்ணீர், அதற்குள் சிறிய மூழ்கு பம்ப், சுருளில் போய் அதே வாளிக்குத் திரும்பி வரும்படி வையுங்கள். 21 லிட்டரை 40-இலிருந்து 18-க்குக் கொண்டுவர 5 முதல் 6 கிலோ ஐஸ் கரையும். சுருளையோ வோர்ட்டையோ அசைத்துக்கொண்டே இருந்தால் நேரம் பாதியாகும்; அசையாமல் விட்டால் செம்பைச் சுற்றி மட்டும் குளிர்ந்த படலம் நிற்கும். சுருளின் குழாய் இணைப்புகள் பானையின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். கிளாம்ப் கசிந்தால் கொதிக்காத தண்ணீர் வோர்ட்டில் சொட்டும். சுருளையே கொதிப்பின் கடைசி 15 நிமிடத்தில் உள்ளே இறக்கிவிட்டால் தனியாகக் கிருமி நீக்க வேண்டாம். ஐஸே இல்லையா? மூடிய ஃபெர்மென்டரில் 30 டிகிரி வோர்ட்டைக் குளிர்பெட்டியில் வைத்து 18-க்கு வந்ததும் மறுநாள் காலை ஈஸ்ட் போடுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் ஓர் இரவு தாமதம் ஒன்றும் செய்யாது. 31-இல் போட்ட ஈஸ்ட்தான் செய்யும்.

நொதிப்புக்குச் சிறந்தது பழைய குளிர்பெட்டியும் எஸ்டிசி-1000 வகைச் சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியும். அதில் எட்டு முனை: 1, 2 மின்சாரம், 3, 4 சென்சார், 5, 6 சூடு, 7, 8 குளிர். பலரும் தடுக்கி விழும் இடம், 5-க்கும் 7-க்கும் மின்சாரம் தானாக வராது என்பது. உள்ளே இருப்பது வெறும் சுவிட்ச். 1 அல்லது 2-இல் ஃபேஸ் வரும் முனையிலிருந்து 5-க்கும் 7-க்கும் தனிக் கம்பி போட வேண்டும். 6-இலிருந்து சூடாக்கும் பிளக்குக்கு, 8-இலிருந்து குளிர்பெட்டி பிளக்குக்கு. நியூட்ரலும் எர்த்தும் இரண்டு பிளக்குக்கும் நேரே போகட்டும். முழுவதும் மூடிய பெட்டிக்குள், எர்த் இணைப்போடு, கசிவு மின் துண்டிப்பானுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வீட்டு மின்கம்பி வேலை பழக்கமில்லாதவர்கள் இதை மின்பணியாளரிடம் கொடுங்கள். ஈரத்துக்குப் பக்கத்தில் இருக்கப்போகும் கருவி.

கருவியின் அமைப்புகள்: எஃப்1-இல் வேண்டிய சூடு, எஃப்2-இல் வித்தியாசம் 0.5, எஃப்3-இல் கம்ப்ரெஸர் தாமதம் 5 நிமிடத்துக்குக் குறையாமல். எஃப்4 சென்சார் திருத்தம், ஐஸ் தண்ணீரில் 0 வரும்படி வையுங்கள். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். வாளியின் சுவரில், வோர்ட் மட்டத்தின் நடுவில் ஒட்டி, மேலே இரண்டு விரல் தடிமன் ஸ்பாஞ்ச் வைத்து இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் விட்டால் கதவைத் திறந்து மூடும் போதெல்லாம் கம்ப்ரெஸர் ஓடும். நொதிக்கும் வோர்ட் சுற்றியிருக்கும் காற்றைவிட 3 முதல் 5 டிகிரி சூடாக இருப்பதும் தெரியாது. சூடாக்க பல்பு வேண்டாம், வெளிச்சம் ஹாப்ஸ் மணத்தைக் கெடுக்கும். வாளியைச் சுற்றும் 25 முதல் 40 வாட் சூட்டுப் பட்டை போதும்.

குளிர்பெட்டி இல்லாமல் தண்ணீர்த் தொட்டியே என்றாலும் ஆட்டத்தை அடக்கலாம். ரகசியம் தண்ணீரின் எடை. 20 லிட்டர் வோர்ட், வெளியே 30 லிட்டர் தண்ணீர் என்றால், 1 லிட்டர் ஐஸ் பாட்டில் முழுதாகக் கரைந்தால் மொத்தமும் 2 டிகிரிக்குள்தான் இறங்கும். நீங்கள் 10 டிகிரி ஆட்டம் கண்டீர்கள் என்றால் தொட்டியில் தண்ணீர் மிகக் குறைவு, ஐஸ் மிக அதிகம். வாளியில் வோர்ட் எந்த மட்டமோ அதில் முக்கால் வரை வெளியே தண்ணீர் நிற்கட்டும். தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டில், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. அளந்துவிட்டுப் போடுங்கள், பழக்கத்தில் போடாதீர்கள்.

கால அட்டவணை: 18-இல் ஈஸ்ட், 19-இல் முதல் மூன்று நான்கு நாள். கிராவிட்டி 1.018 சுற்றி வந்ததும் நாளுக்கு 1 டிகிரி ஏற்றி 22-க்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். இந்தக் கட்டத்தில் ஒருபோதும் சூடு இறங்கக் கூடாது. எல்லை எண்ணைத் தொட்டதும் வெண்ணெய்ச் சோதனை: இரண்டு சிறு கண்ணாடிக் குடுவையில் பீர் எடுத்து மூடி, ஒன்றை 60 டிகிரி தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், அசிட்டோலாக்டேட் இன்னும் மிச்சம். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இரண்டிலும் வந்தால் இன்னும் அதிக நாள். எதிலும் இல்லையென்றால் குளிர்வித்துப் பாட்டிலில் அடைக்கலாம்.

உலர் ஈஸ்ட்டை அதன் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீரில், 25 முதல் 30 டிகிரியில், 20 நிமிடம் ஊறவைத்துப் போடலாம். தூவினாலும் பாதகமில்லை. 11.5 கிராம் உங்கள் பீருக்குத் தாராளம்.

உமித்துகள்:

இடையில் ஒரு கேள்வி. அதே மாதிரி பின்னல் உறைதான் என்னிடமும். மில்லை 1.0 மி.மீ.க்குக் குறைத்ததும் வடிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. வால்வை முழுதாகத் திறந்தாலும் சொட்டுதான். இடைவெளியைத் திரும்ப அகலமாக்க வேண்டுமா?

அரைவைக்கல்:

வால்வை முழுசா திறக்கிறதுதான் காரணம். திறந்த உடனே உறிஞ்சற வேகத்துல தானியப் படுக்கை அடியில இறுகிப்போய் சிமெண்டு மாதிரி ஆயிடும். கால்வாசி திறங்க. முதல் 3 லிட்டரை மெதுவா வடிச்சு, ஒரு தட்டு மேல திரும்ப ஊத்துங்க. தெளிஞ்சதும் நிமிஷத்துக்கு 1 லிட்டருக்கு மேல போகாதீங்க. வால்வுலேருந்து தொங்கற குழாய் நீளமா இருந்தா அதுவும் உறிஞ்சும்.

ரெண்டாவது, பின்னல் உறையோட உள் ரப்பரை உருவினப்புறம் அது வெறும் துணி மாதிரி. தானிய எடையில சப்பையா அமுங்கும். தடித்த செப்புக் கம்பியை பென்சில் மேல சுத்தி, ஸ்பிரிங் மாதிரி உள்ளே விட்டா அமுங்காது. கோதுமை பாதிக்குப் பாதி போடறதா இருந்தா, தானிய எடையில 5 சதவீதம் கழுவின நெல் உமி சேருங்க.

நின்னே போச்சுன்னா குழாய் வழியா கொஞ்சம் சுடுதண்ணியைப் பின்பக்கமா விட்டு, வால்வை மூடி, அடி வரைக்கும் கிளறி, 10 நிமிஷம் பொறுத்து மறுபடி தொடங்குங்க. இடைவெளி 1.0-லேயே இருக்கட்டும்.

பித்தளை வால்வு வெச்சிருக்கிற ரெண்டு பேருக்கும் ஒண்ணு: பித்தளை மேற்பரப்புல கொஞ்சம் ஈயம் இருக்கும். ரெண்டு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 5 முதல் 10 நிமிஷம் ஊற வெச்சா வெண்ணெய் மாதிரி மஞ்சள் நிறம் வரும். உடனே எடுத்துக் கழுவுங்க. கரைசல் பச்சையாகிற வரைக்கும் விட்டா செம்பு கரைய ஆரம்பிச்சிடும். வால்வையும் வாளியோட குழாயையும் ஒவ்வொரு தடவையும் முழுசா கழட்டிக் கழுவுங்க. வெண்மேகம் சொன்ன தொற்று வர்றதா இருந்தா வாளிக் கீறல்ல இருந்து வர்றதைவிட அந்தக் குழாயோட உள் மடிப்புல இருந்துதான் முதல்ல வரும்.

வெண்மேகம்:

1.011, புளிப்பு இல்லை என்றால் தொற்று என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். வாளியின் உள்பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் மட்டும் மாற்றினால் போதும்.

செப்புச்சுருள்:

முடிச்சு புரிந்தது. கடைசியாக இரண்டு கேள்வி. மிச்சம் 27 பாட்டில் குளிர்பெட்டியில் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? அடுத்த முறையும் 1.018-இல் நின்றால் வாளியிலேயே என்ன செய்வது?

நிதானம்:

பாட்டில்: கொட்டிவிடுவதுதான் முழுப் பாதுகாப்பு, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. காப்பாற்றுவதென்றால், குளிர்ந்த நிலையிலேயே, கவசத்தோடு, ஒவ்வொரு மூடியின் விளிம்பையும் ஓப்பனரால் லேசாக நெம்புங்கள். சீறல் கேட்கும், நுரை கழுத்துக்கு ஏறும்முன் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும். இப்படி நான்கைந்து முறை, நுரை ஏறாமல் சீறல் மட்டும் வரும் வரை. பிறகு புது மூடி போட்டு அடையுங்கள். வாளிக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். காற்றுப் பட்டு ஈர அட்டை மாதிரி ருசி வந்துவிடும்.

வெண்ணெய் வாசனை போக ஈஸ்ட் மறுபடி எழ வேண்டும், அதற்கு 20 டிகிரி வேண்டும். வாயு இறக்கிய பிறகு இரண்டு பாட்டிலை மட்டும் மூடிய கனமான பெட்டிக்குள் 20-இல் ஒரு வாரம் வைத்து, திரும்பக் குளிர்வித்துத் திறந்து பாருங்கள். 1.011-இலேயே நின்று, வாசனையும் குறைந்திருந்தால் மற்றவற்றையும் அப்படிச் செய்யலாம். குறையவில்லை என்றால் குளிரிலேயே வைத்துக் குடித்து முடியுங்கள். எதுவானாலும் அறைச் சூட்டில் நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

வாளியில் நின்றுபோனால்: முதலில் எல்லைச் சோதனைக் குடுவையைப் பாருங்கள். அதுவும் 1.018 என்றால் மாஷ்தான் காரணம், ஈஸ்ட்டை உலுக்கிப் பயனில்லை. குடுவை 1.010 காட்டினால் வாளியை 21-க்குச் சூடேற்றி, மூடியைத் திறக்காமல் தரையிலேயே வைத்து மெல்லச் சுழற்றி அடிப்படிவை எழுப்புங்கள். நுரை தெறிக்கக் கூடாது, இந்தக் கட்டத்தில் காற்று எதிரி. மூன்று நாள் பொறுங்கள். அசையவில்லை என்றால் உலர் ஈஸ்ட்டை அப்படியே தூவாதீர்கள். ஆல்கஹால் உள்ள, சர்க்கரை குறைந்த பீரில் அது எழாமலே போகும். 1.030 கிராவிட்டியில் 1 லிட்டர் வோர்ட் தயார்செய்து, 5 கிராம் ஈஸ்ட் போட்டு, மறுநாள் நுரை உச்சியில் கொதித்துக்கொண்டிருக்கும்போது மொத்தமாக வாளியில் ஊற்றுங்கள். பெரும்பாலும் நான்கைந்து நாளில் எல்லையைத் தொடும்.

அப்புறம் ப்ரைமிங். 22 டிகிரி வரை போன பீரில் 0.8 வால்யூம் கரைந்திருக்கும். 2.4 வேண்டுமென்றால் சேர்க்க வேண்டியது 1.6. ஒரு வால்யூமுக்கு லிட்டருக்கு 3.9 கிராம் சர்க்கரை. 20 லிட்டருக்கு 125 கிராம், 150 இல்லை. 300 மி.லி. தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, காலி வாளியின் அடியில் ஊற்றி, குழாயின் நுனி அடியில் சுழன்று பாயும்படி பீரை அதன் மேல் இறக்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். அது கல் மாதிரி இறுகியதும் மற்றவை எல்லாம் குளிருக்குப் போகட்டும்.